பஞ்சாலைத் தொழிலாளிகளின் நடன மண்டபம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கிறது பிளாக்பூல். லங்காஷயர் பஞ்சாலைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கோடையில் ஒவ்வொரு ஊர் ஆலைக்கும் முறைவைத்து விடுமுறை விடுவார்கள். தறி நின்றதும் குடும்பம் குடும்பமாக ரயிலேறி இந்த ஊருக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் ஆடிய இடம்தான் டவர் பால்ரூம். 1899-ல் திறக்கப்பட்ட இந்த மண்டபத்தை வடிவமைத்தவர், நாடக அரங்குகளுக்குப் பேர்போன ஃபிராங்க் மேட்சம். ஓவியக் கூரை, சரவிளக்குகள், பொன்வண்ண மாடங்கள் என்று அரண்மனைகளுக்கு உரிய ஆடம்பரம், நுழைவுச்சீட்டு வாங்கிய தறிக்காரருக்கும் கிடைத்தது. மஹோகனி, ஓக், வால்நட் மரத்துண்டுகள் 30,000-க்கும் மேல் பதித்த தரை, 1956-ல் தீயில் கருகியது. மண்டபத்தை இடித்துவிடவில்லை, பழையபடியே செப்பனிட்டு 1958-ல் மறுபடி திறந்தார்கள். இன்றும் பகல் வேளையில் ஆர்கன் இசைக்கு அங்கே பொதுமக்கள் ஆடுகிறார்கள்.

இதே ஊரில் 1920 முதல் நடக்கும் பெரிய நடனப் போட்டிக்கு உலகெங்குமிருந்து சாம்பியன்கள் வருகிறார்கள். அழகுதான். ஆனாலும், மேடை ஏறும் எண்ணமே இல்லாதவர்கள் மகிழ்ச்சிக்காக ஆடுவதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன்.

அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பின் ஒவ்வொரு மண்டபத்திலும் ஒவ்வொரு விதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் இருந்த நடன ஆசிரியர் சங்கம் 1924-ல் பால்ரூம் பிரிவைத் தொடங்கி, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், டாங்கோ போன்றவற்றின் அடிகளை வரையறுத்தது. உலகப் போட்டியில் வென்ற விக்டர் சில்வெஸ்டர், பின்னாளில் பிபிசி வானொலி வழியாகவே அடிகளைச் சொல்லிக்கொடுத்தார். இதனால்தான், முன்பின் பார்த்திராத இருவர் எந்த ஊர் மண்டபத்திலும் கைகோத்த மறுநிமிடமே சேர்ந்து ஆட முடிகிறது.

இந்த நடனங்களைக் கற்றுத்தரும் தொடக்க வகுப்பில் பெரும்பாலும் வால்ட்ஸ்தான். இடக்கால் முன்னே, வலக்கால் பக்கவாட்டில், இடக்காலைக் கொண்டுவந்து சேர்; பிறகு வலக்கால் பின்னே, இடக்கால் பக்கவாட்டில், வலக்காலைச் சேர். தரையில் ஒரு சதுரம் முடிந்துவிடும். எதிரே நிற்பவர் இதையே தலைகீழாகச் செய்வார். கடினம் இதற்கு மேல்தான். வழிநடத்துபவர் கையால் தள்ளக்கூடாது. தன் உடல் எடை எந்தப் பாதத்துக்கு மாறுகிறது என்பதை நெஞ்சின் அசைவால் உணர்த்த வேண்டும். மற்றவர் முந்திக்கொள்ளாமல் அதற்குக் காத்திருக்க வேண்டும். மனிதர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு கவனமாகக் கேட்கும் இடங்கள் குறைவு.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆசிரியர் ஜோடி மாறச் சொல்வார். கூச்சப்படுகிறவர்களுக்கு அந்த முதல் மாற்றம் பெரும் சோதனை. ஆனால் ஒருவரோடு மட்டுமே ஆடினால் அவருடைய பழக்கம்தான் பிடிபடும். பலரோடு ஆடினால்தான் நடனம் பிடிபடும். மருத்துவரும் கடை ஊழியரும், துணையை இழந்த மூதாட்டியும் கல்லூரி மாணவனும் கைகோப்பது இப்படித்தான். மனத்துக்குள் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணுவது தானாக நின்று, கால் இசையோடு போகத் தொடங்கும் நேரத்தில் முகங்கள் மலர்வதைப் பார்க்க வேண்டும்!

இதில் உடல்நலப் பலனும் உண்டா? நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-ல் வெளியானது. உடலியக்கப் பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவதோடு தொடர்பு காட்டியது. நடனம்தான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆரோக்கியமானவர்களே ஆட வந்திருக்கலாம். ஆடுவதற்கு மருத்துவக் காரணம் தேவையும் இல்லை.

உங்கள் ஊரில் இப்படியொரு வகுப்பு இருந்தால் போய்ப் பாருங்கள். வழுக்காத, தரையில் ஒட்டாத செருப்பு போதும். ஜோடி இல்லையே என்று தயங்க வேண்டாம்; தனியாகவே போகலாம்.