பிரஷர் மாத்திரையும் வணிகரும்

அதிகாலையில் மண்டிக்குப் போய், இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் வணிகர்களாகிய நம்மில் பலருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையும் சாப்பிடுகிறோம். அது என்ன செய்கிறது என்று அறிந்து சாப்பிடுவோர் குறைவு.

மாத்திரைகள் எல்லாம் ஒரே ரகமல்ல. அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்றவை இதயத் துடிப்பையும் சேர்த்தே குறைப்பவை. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும் நாடி, இவற்றால் 60-க்குக் கீழேயும் இறங்கலாம். கூடவே மயக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்போர் கவனிக்க: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இம்மாத்திரைகள் மறைத்துவிடும். வியர்வைதான் அடையாளம். அம்லோடிபின் வேறு வகை. அது இரத்தக் குழாய்களை விரிக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும்.

சரக்கெடுக்க வெளியூர் போகிறோம். மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இது ஆபத்து. அட்டெனோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும். இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். பயணப் பையில் நாலு நாள் மாத்திரை எப்போதும் இருக்கட்டும்.

நம் கடைச் சரக்கிலும் ஒரு விஷயம் உண்டு. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கிறது. பலருக்கு அது நல்லதே. ஆனால் எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் சாப்பிடுவோருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்கும் உடலில் பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். "பிரஷருக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்லி விற்காமல், "டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்ப்போம். வாடிக்கையாளர் நலமே நம் முதல்.