காபி பூக்கும் முன் மண்ணைக் கேளுங்கள்

பரவையில் வீடு, சிறுமலையிலோ தாண்டிக்குடியிலோ காபித் தோட்டம். இப்படி இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தினமும் போனில் கேட்பது ஒன்றுதான்: “மேலே மழை பெய்ததா?” “நல்லா பெஞ்சிருக்குண்ணே” என்று பதில் வரும். எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் நமக்கு வேண்டிய விவரம்.

காபி மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். ஏறத்தாழ 25 மி.மீ. மழை கிடைத்தால் விழித்து, எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுக்க ஒன்றாகப் பூக்கும். ஐந்து, பத்து மி.மீ. தூறலோடு நின்றுவிட்டால் மொட்டுகள் சரியாக விரியாது. அந்த ஆண்டு காய்ப்பே அதில் அடிபடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் குறையைத் தெளிப்பு நீரால் உடனே ஈடுகட்டலாம். அதற்குக் குறை எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

மழையை அளக்க, பக்கங்கள் நேராக உள்ள தட்டையடி டப்பா போதும். நிழல் மரம் கவியாத இடத்தில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு ஸ்கேலை விட்டு அளந்தால், நீரின் உயரமே மழையளவு.

அந்த மழை வேர் வரை இறங்கியதா என்பதற்கு மண் ஈர சென்சார் வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கிறது. உலோகம் வெளியே தெரியும் இரண்டு கால் சென்சாரை வாங்காதீர்கள். சில வாரங்களில் அரித்துவிடும். கெப்பாசிட்டிவ் வகையே நல்லது. அதையும் இ.எஸ்.பி.32 போர்டையும் சில நூறு ரூபாய்க்குள் வாங்கலாம். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலையில் இணைத்துவிடுவார். சென்சாரின் மேல்முனையில் உள்ள சில்லுகளை எபாக்சி பூசி மூடுங்கள். மலையில் செல்போன் சிக்னல் இல்லையென்றால் லோரா ரேடியோ உதவும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். சென்சார் காட்டும் எண் ஈரத்தின் சதவீதம் அல்ல. உங்கள் தோட்ட மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, நன்றாக நனைத்து, ஒரு நாள் வடியவிட்டு எண்ணைக் குறியுங்கள். பிறகு மண் காயக் காய, அவ்வப்போது எண்ணைக் குறித்துக்கொண்டே கொஞ்சம் மண் எடுத்து எடை போடுங்கள். அதை எடை குறையாத வரை உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். 120 கிராம் மண் 100 கிராம் ஆனால் ஈரம் 20 சதவீதம். செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் ஒரே எண் வேறு வேறு பொருள் தரும். அடுத்தவர் தோட்டத்து அட்டவணை உங்களுக்கு உதவாது.

மின்னணு இணைப்பெல்லாம் ஆகாது என்பவர்களுக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவி இருக்கிறது. நீல விளக்கு எரிந்தால் ஈரம் தாராளம்; பச்சை என்றால் போதுமானது; ஆரஞ்சு வந்தால் பாசனம் தேவை; சிவப்பு என்றால் உடனே தேவை. கரும்புக்காக வந்ததுதான், மற்ற பயிருக்கும் பயன்படும். ஆனால் அதைப் பார்க்க ஆள் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

சென்சாரைத் தண்டை ஒட்டிப் பதிக்காதீர்கள். கிளை நுனிக்கு நேர் கீழே, 20 முதல் 25 செ.மீ. ஆழத்தில், காற்றிடைவெளி இல்லாமல் மண்ணை அழுத்தி மூடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பதித்துவிட்டால், மழையில் மண் தானே இறுகிச் சேர்ந்துகொள்ளும்.