கோயிலில் பாடுவது யார்?

சனிக்கிழமை சாயங்காலம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிச் சத்தம் ஓயவில்லை. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் வாரக் கூலி கைக்கு வரும் நேரம். அந்த நேரத்தில் இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் வேறொரு சத்தம் கேட்கும். ஒருவர் பெட்டியில் சுருதி வைப்பார். நாலைந்து பெண்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். "இன்னொரு தடவை!" என்று ஒரு குரல் அதட்டும்.

மறுநாள் பூசைக்குப் பாட்டுப் பழகுகிறார்கள்.

இவர்கள் சங்கீத வித்துவான்கள் அல்ல. தறி ஓட்டுகிறவர் இருப்பார். லாரிப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர் இருப்பார். பத்தாவது படிக்கும் பெண் இருப்பாள். மடத்துக் கன்னியர் ஒருவர் நடுவில் நின்று கையால் தாளம் போடுவார். சம்பளம் கிடையாது. திருவிழா அன்று சாப்பாடு உண்டு, அவ்வளவுதான்.

இவர்கள் தமிழில் பாடுகிறார்கள். பெண்களும் பாடுகிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கும். தாத்தா பாட்டியைக் கேட்டால் தெரியும்!

புரியாத மொழி, தெரிந்த ராகம்

அறுபது வருஷத்துக்கு முன்பு வரை பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். மக்கள் அவர் முதுகைப் பார்த்து முழங்காலில் இருப்பார்கள். பாடகர்கள் மட்டும் 'கீரியே', 'குளோரியா', 'கிரேதோ' என்று பாடுவார்கள். லத்தீன் எழுத்துத் தெரியாதவர்களுக்காக அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து மனப்பாடம் செய்து, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல், ராகம் பிசகாமல் பாடினார்கள். (இதில் ஒரு வேடிக்கை. 'கீரியே' லத்தீனே அல்ல. அது கிரேக்கச் சொல்.)

பெண்களுக்கு அந்த இடமும் இல்லை. 1903 நவம்பர் 22-ந் தேதி போப் ஆண்டவர் பத்தாம் பத்திநாதர் ஒரு கட்டளை பிறப்பித்தார். சங்கீதத்துக்குப் பாதுகாவலியான செசிலியம்மாளின் திருநாள் அது. அந்தக் கட்டளையில், கோயில் பாடகர் குழுவில் பெண்கள் சேரக்கூடாது என்று இருந்தது. உச்சக் குரல் வேண்டுமானால் சிறுவர்களை வைத்துப் பாடச் சொன்னார். ஒரு பெண்ணின் திருநாளிலா இந்த உத்தரவு என்று யாரும் அன்று கேட்டதாகத் தெரியவில்லை! 1955-ல்தான் பன்னிரண்டாம் பத்திநாதர் கொஞ்சம் வழி விட்டார். பீடப் பகுதிக்கு வெளியே, ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று நின்று பாடலாம் என்றார்.

அப்படியானால் தமிழ்ப் பாட்டே கிடையாதா? இருந்தது. பூசைக்கு வெளியே இருந்தது.

கோயிலுக்கு வெளியே தமிழ்

ஐரோப்பாவில் இருந்து வந்த சாமியார்களில் தமிழை முதலில் ஆழமாகக் கற்றவர்களுள் ஒருவர் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி. அவர் மதுரையில் இருந்து புறப்பட்டு 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். ஆக, இந்த வட்டாரத்துக்கும் அந்த வேதத்துக்கும் நாலு நூற்றாண்டு உறவு. சேலம் மறைமாவட்டம் அமைந்தது 1930-ல்.

இத்தனை காலத்திலும் மக்கள் வாய் மூடி இருக்கவில்லை. தேர் இழுக்கும்போது தமிழில் பாடினார்கள். சாயங்கால ஜெபத்தில் பாடினார்கள். தவசு காலம் வந்தால் 'வியாகுலப் பிரசங்கம்' வாசிப்பார்கள். கோவாவில் பிறந்து இலங்கைக்குப் போன யாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் எழுதியது அது. அவர் 1742-ல் காலமானார். ஏசுநாதர் பட்ட பாடுகளை அதில் ராகம் போட்டு இழுத்து வாசிக்கும்போது கிழவிகள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது மனப்பாடம்.

மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர். கத்தோலிக்கர். 1878-ல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளியிட்டார். அந்தக் கீர்த்தனைகள் கச்சேரி மேடை ஏறின. ஆனால் அவர் முழங்காலில் நின்ற பூசையோ லத்தீனில்தான் நடந்தது.

2,147 பேர் சரி என்றார்கள்

மாறுதல் ரோமாபுரியில் இருந்து வந்தது. உலகத்து ஆயர்கள் எல்லாரும் 1962 முதல் 1965 வரை அங்கே கூடினார்கள். அதுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4-ந் தேதி வழிபாடு பற்றிய சட்டத்துக்கு ஓட்டு எடுத்தார்கள். சரி என்றவர்கள் 2,147 பேர். வேண்டாம் என்றவர்கள் 4 பேர்!

வழிபாட்டில் தாய்மொழியைச் சேர்க்கலாம் என்றது சட்டம். அந்தந்த நாட்டு மக்களின் சங்கீதத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. ஆலயத்துக்குப் பொருத்தமான வேறு வாத்தியங்களையும் சேர்க்கலாம் என்றது. 1967-ல் வந்த இன்னொரு அறிக்கை மேலும் ஒரு படி போனது. பூசைப் பாட்டை முழுவதும் பாடகர் குழுவிடம் கொடுத்துவிட்டு மக்களை ஊமையாக உட்கார வைப்பது தவறு என்று சொன்னது.

அப்போது சேலம் ஆயராக இருந்தவர் செல்வநாதர். 1949 முதல் 1973 வரை அவர் காலம். அவர் பொறுப்பு ஏற்றபோது பூசை லத்தீனில் இருந்தது. புதுவைக்குப் பேராயராகப் போனபோது தமிழில் இருந்தது. வயதானவர்கள் சிலருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. புரியாத மொழியில் ஒரு பயபக்தி இருந்தது, அது போய்விட்டது என்று வருத்தப்பட்டார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

புதுப் பாட்டுக்கு ஆள் வேண்டுமே! கர்நாடக ராகம் கற்ற சாமியார்கள் பாட்டுக் கட்டினார்கள். கிராமிய மெட்டு, கும்மி மெட்டு எல்லாம் உள்ளே வந்தன. திருச்சியில் 1977-ல் கலைக்காவிரி தொடங்கியது. சங்கீதமும் பரதமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒலிநாடா வந்த பிறகு ஒரு ஊரில் பாடிய பாட்டு அடுத்த மாதமே பத்து ஊரில் பாடியது.

பெட்டியின் கதை

கோயிலில் பாட்டுக்குத் துணை ஆர்மோனியப் பெட்டி. இது 1842-ல் பாரிஸ் நகரில் உரிமம் பெற்ற கருவி. காலால் மிதித்து வாசிக்கும் பெட்டியாக இங்கே வந்தது. பிறகு கல்கத்தாவில் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி அடித்து வாசிக்கும்படி மாற்றினார்கள். சங்கீத வித்துவான்களுக்கு இந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. இதில் கமகம் வராது என்பார்கள். 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வானொலி தள்ளி வைத்த பெட்டியைக் கோயில் தள்ளவில்லை. தவறிப் போகிற குரலைப் பிடித்து நிறுத்த அதைவிட நல்ல துணை ஏது?

இப்போது பெட்டி மூலைக்குப் போய்விட்டது. மின்சாரக் கீபோர்டு வந்துவிட்டது. தபேலா வேண்டுமா, வயலின் வேண்டுமா, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆளுக்கொரு மைக். வெளியே பெரிய ஒலிபெருக்கி. சில இடங்களில் ஓட விட்ட இசைக்கு மேல் இரண்டு பேர் பாடுகிறார்கள்.

கேட்க இனிமைதான். ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! வாரா வாரம் புதுப் பாட்டு. மெட்டு சினிமாப் பாட்டைப் போல ஏறி இறங்குகிறது. உச்சத்துக்குப் போகும்போது பாட்டியம்மாளுக்குக் குரல் எட்டவில்லை. அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அன்றைக்கு மொழி தடுத்தது. இன்றைக்கு மைக் தடுக்கிறது.

விவரம் தெரிந்த குருமார் இதைக் கவனிக்காமல் இல்லை. பழைய பாட்டில் மாதத்துக்கு இரண்டையாவது விடாமல் பாடச் சொல்கிறார்கள். சுருதியைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். பூசைக்குப் பத்து நிமிஷம் முன்னால் புதுப் பாட்டை மக்களுக்கே சொல்லிக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. பாடகர் குழுவில் இளைஞர்களுக்கு இது பிடிப்பதில்லை. "கஷ்டப்பட்டுப் பழகினோமே" என்பார்கள். வாரம் முழுக்கத் தறியடியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் அவர்கள். நன்றாகப் பாட வேண்டும் என்ற ஆசை தப்பா?

நடுப் பூசையில் மின்சாரம் போகும்போது வேடிக்கை பார்க்க வேண்டும். கீபோர்டு நின்றுவிடும். மைக் நின்றுவிடும். பாடகர் குழு ஒரு நொடி திகைத்து நிற்கும். அதற்குள் பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு கிழக்குரல் அடுத்த அடியை எடுத்துவிடும். சுருதி எங்கேயோ இருக்கும். பின்னாலேயே எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். மூலையில் கிடந்த பெட்டியை யாராவது இழுத்துத் தூசி தட்டித் திறப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும்.