தாத்தா அறுத்த கூரைத் தகடு: கல்நார் நோயும் குடும்பத்துக்கான நஷ்டஈடும்

பொருள்களின் தன்மை பற்றிய பாடத்துக்கு வீட்டிலிருந்து ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டு வரும்படி நான்காம் படிவ மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் நெளிநெளியான சாம்பல் நிறக் கூரைத் தகட்டின் உடைந்த துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான்.

"பழைய தோட்டத்து வீட்டுக் கூரை, டீச்சர். எங்கள் தாத்தா அங்கே ஆசாரியாக இருந்தார். இதையெல்லாம் அவர்தான் ரம்பத்தால் அறுத்து மாட்டினாராம்."

அந்தத் துண்டை மெதுவாக வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்தேன். ஏன் என்று வகுப்பே கேட்டது. சொன்னேன். மணி அடித்த பிறகு அவன் மட்டும் தனியாக வந்தான். "தாத்தாவுக்கு ரொம்ப நாளாக மூச்சு வாங்குகிறது, டீச்சர். இதனால்தான் என்றால் யாராவது நஷ்டஈடு கொடுப்பார்களா? பாட்டிக்கு ஏதாவது கிடைக்குமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த பெரியவர்கள் உள்ள பல வீடுகளில் எழக்கூடிய கேள்வி. அதற்கு அறிவியலும் வேண்டும், சட்டமும் வேண்டும். நோய் உடலுக்குள் எத்தனை ஆண்டு மறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே குடும்பத்துக்குக் கிடைப்பதும் மாறுகிறது.

நுரையீரலில் தங்கும் நார்

கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஒரு கனிமம். கல்லாக இருந்தாலும் பஞ்சுபோல் நார் நாராகப் பிரியும். தீயில் எரியாது, வெப்பத்தை எளிதில் கடத்தாது, விலையும் குறைவு. அதனால் கொதிகலன் உறை, வாகன பிரேக், சிமெண்டுக் கூரைத் தகடு, கூரை உட்பலகை எனப் பல இடங்களில் பயன்பட்டது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்பவை அதன் முக்கிய வகைகள். மூன்றும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

முழுதாக இருக்கும் தகடு பெரிய ஆபத்தை உண்டாக்காது. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் தூசி பறக்கிறது. அதில் உள்ள நார்கள் 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ளவை. நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். மூக்கு முடியோ சளியோ அவற்றை முழுமையாகத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை அவை போய்ச் சேர்கின்றன.

அங்கே காவல் காக்கும் விழுங்கணுக்கள் நாரை விழுங்க முயல்கின்றன. நார் நீளமாக இருப்பதால் முழுதாக விழுங்க முடிவதில்லை. அணு சிதைந்து, அதனுள் இருக்கும் இரசாயனங்கள் வெளியே கசிந்து, சுற்றியுள்ள திசு புண்ணாகித் தழும்பாகிறது. தழும்பு பெருகி நுரையீரல் விறைத்துப்போவதே அஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோயும் மற்ற இரண்டு பெரிய நோய்கள்.

இவை உடனே வருவதில்லை. தூசியைச் சுவாசித்து 20 முதல் 40 ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேலாகக் கடந்த பின்னரே தெரிகின்றன. இருபத்தைந்து வயதில் தகடு அறுத்தவருக்கு அறுபத்தைந்து வயதில் நோய் வரலாம்.

முதல் வழி: சொக்சோ

வேலையால் ஒருவர் நோயுற்றால் மலேசியக் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது சொக்சோ எனப்படும் பெர்கேசோ. 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. கல்நாரால் வரும் நோய்களும் அதில் அடங்கும்.

தொழிலாளி உயிரோடு இருந்தால் மருத்துவச் செலவும், மருத்துவ வாரியம் கணிக்கும் இயலாமைக்கு ஏற்ற உதவித்தொகையும் அவருக்கு உண்டு. அந்த நோயால் அவர் இறந்தால் குடும்பத்துக்கு ஈமச்சடங்கு உதவியும் சார்ந்தோர் ஓய்வூதியமும் கிடைக்கும். ஓய்வூதியத்தின் அளவு சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவருக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு.

இங்கே யார் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால் வந்த நோய் என்று உறுதியானால் போதும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, காப்புறுதி பெற்ற தொழிலாளியோ அவரைச் சார்ந்தவர்களோ அந்தப் பாதிப்புக்காக முதலாளிமீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. வழக்கு இல்லாமலே பணம் உறுதி, அதற்குப் பதிலாக வழக்குரிமை இல்லை என்ற ஏற்பாடு இது.

இரண்டாவது வழி: நீதிமன்றம்

அப்படியானால் நீதிமன்றம் யாருக்கு? முதலாளி அல்லாத வேறொருவர், எடுத்துக்காட்டாக ஆபத்தை மறைத்துப் பொருளை விற்ற உற்பத்தியாளர், தவறு செய்திருந்தால் அவர்மீது வழக்குப் போட அந்தப் பிரிவு தடையாக இல்லை. கணவரின் தூசி படிந்த வேலை உடையைத் துவைத்தே நோயுற்ற மனைவிகள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர் என்பதால் சொக்சோ அவர்களுக்குப் பொருந்தாது. வழக்குதான் அவர்களுக்கு வழி.

நோயுற்றவர் இறந்துவிட்டால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்கீழ் குடும்பம் கேட்கும் நஷ்டஈட்டை நான்காகப் பிரிக்கலாம்.

1. இறந்தவரின் சொந்த இழப்பு. நோயுற்ற நாள் முதல் இறந்த நாள் வரை அவர் பட்ட வலி, மருத்துவச் செலவு, அந்தக் காலத்தில் இழந்த சம்பளம். இது அவருடைய சொத்தைப்போல வாரிசுகளுக்குப் போகும் (பிரிவு 8).

2. சார்ந்தோரின் இழப்பு. அவர் உயிரோடு இருந்திருந்தால் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர் ஆகியோருக்குக் கொடுத்திருக்கக் கூடிய பணம் (பிரிவு 7).

3. துயர் நஷ்டஈடு. நெருங்கியவரை இழந்த துக்கத்துக்குச் சட்டம் நிர்ணயித்த ஒரே தொகை. முன்பு 10,000 ரிங்கிட். 2019 செப்டம்பர் 1 முதல் 30,000 ரிங்கிட்.

4. ஈமச்சடங்குச் செலவு.

அமெரிக்காவில் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. ஆபத்து தெரிந்தே மறைத்த நிறுவனத்தைத் தண்டிப்பதற்காக நீதிமன்றம் கூடுதலாக விதிக்கும் தண்டனை நஷ்டஈடு அது. நம் நாட்டில் இறந்தவரின் சார்பில் தொடரும் வழக்கில் இதைக் கேட்க முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம்

இரண்டாவது வகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சட்டத்திலேயே சூத்திரம் இருக்கிறது. இறந்தவரின் வயது 31 முதல் 59 வரை என்றால், 60இலிருந்து அவர் வயதைக் கழித்து 2ஆல் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்தான் ஆண்டுக் கணக்கு. 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டுகள்.

ஒருவர் மாதம் 2,000 ரிங்கிட் சம்பாதித்து, தனக்கென 800 ரிங்கிட் செலவழித்தார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 1,200 ரிங்கிட், ஆண்டுக்கு 14,400 ரிங்கிட்.

50 வயதில் இறந்தால்: (60 – 50) ÷ 2 = 5. எனவே 14,400 × 5 = 72,000 ரிங்கிட்.
58 வயதில் இறந்தால்: (60 – 58) ÷ 2 = 1. எனவே 14,400 ரிங்கிட்.
60 வயதில் இறந்தால்: சுழியம்.

இப்போது நோயின் இயல்பை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சாலை விபத்து எந்த வயதிலும் வரும். கல்நார் நோயோ பெரும்பாலும் வேலையை விட்ட பிறகுதான் வெளிப்படுகிறது. தாமதமாக வரும் நோய் என்பதாலேயே, வருமான இழப்புக்கான பகுதி பல குடும்பங்களுக்குச் சுருங்கிப் போகிறது, அல்லது இல்லாமலே போகிறது. வலிக்கான தொகையும் துயர் நஷ்டஈடும்தான் மிஞ்சும்.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது?

வழக்குப் போடக் காலக்கெடு உண்டு. பிரிவு 7இன் கீழ் சார்ந்தோர், இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். உயிரோடு இருப்பவரின் பொது வழக்குக்கு, மேற்கு மலேசியாவில் 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டுகள்.

ஆனால் அந்த 6 ஆண்டு எப்போது தொடங்கும்? தூசியைச் சுவாசித்தபோதா, நோய் உண்டானபோதா, மருத்துவர் சொன்னபோதா? இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகர எஃகுத் தொழிலாளர்களுக்குத் தூசியால் நுரையீரல் நோய் வந்தது. அவர்களுக்கு நோய் இருப்பது தெரியும் முன்பே கெடு முடிந்துவிட்டது என்று 1963இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அது அநியாயம் என்று உணர்ந்து அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மலேசியாவிலும் 2018இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. பாதிப்பு தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டு கொடுக்கும் திருத்தம் அது. ஆனால் கட்டட விரிசல் போன்றவற்றுக்கே அது பொருந்தும், உடல் பாதிப்புக்குப் பொருந்தாது. அதனால் நம் நாட்டில் தாமதம் இன்னும் ஆபத்தானது.

வழி காட்டிய வழக்குகள்

இந்தியாவில் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் என்ற அகமதாபாத் அமைப்பு 1986இல் கல்நார்த் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. 1995 ஜனவரி 27இல் தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இன்னொரு உத்தரவையும் கவனியுங்கள்: தொழிலாளியின் மருத்துவப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலைகள் பாதுகாக்க வேண்டும். நோயின் மறைவுக் காலம் அறிவியல் உண்மை. அதைச் சட்டம் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட தருணம் அது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜூன் ஹான்காக் என்ற பெண் ஆலைத் தொழிலாளி அல்லர். சிறுமியாக இருந்தபோது கல்நார் ஆலைக்கு அருகே, தூசியில் விளையாடியவர். அவருக்கு மீசோதெலியோமா வந்தது. அவர் தாயாரும் அதே நோயால் இறந்தவர். ஆலைக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்கும் நிறுவனம் பொறுப்பு என்று 1995இல் அவர் வழக்கில் தீர்ப்பாயிற்று.

நாம் செய்யக் கூடியவை

பழைய கூரைத் தகட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உடைந்து கிடந்தால் நீரால் நனைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பார்த்த மாத்திரத்தில் கல்நார் என்று உறுதி செய்ய முடியாது. கல்நார் இல்லாத புதிய தகடுகளும் அதே நிறத்தில் வருகின்றன. ஆய்வுக்கூட நுண்ணோக்கிதான் சொல்லும்.

வீட்டுப் பெரியவர்கள் மருத்துவரிடம் போகும்போது, எந்த ஆண்டில், எங்கே, என்ன வேலை செய்தார்கள் என்பதை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கேட்காமல் பல மருத்துவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. புகைபிடிக்கும் பழக்கமும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும் என்பதையும் சொல்லுங்கள். நோய் உறுதியானால் முதலில் பெர்கேசோ அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வழக்கு பற்றிய ஐயத்துக்குச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன.

அந்த மாணவனிடம் நான் சொன்னதும் இதைத்தான்: தாத்தாவுக்கு என்ன நோய் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன் நஷ்டஈட்டைப் பற்றிப் பேச முடியாது, ஆனால் அவர் செய்த வேலைக்கான சான்றை இப்போதே தேடலாம். அடுத்த வாரம் அவன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். பாட்டி சேலைகளுக்கு அடியில் வைத்திருந்ததாம். உள்ளே பழுப்பேறிய சம்பளச் சீட்டுகள், சொக்சோ எண் எழுதிய ஓர் அட்டை, தோட்ட ஆசாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு பழைய படம். பின்னால் அவர்கள் அப்போதுதான் போட்டு முடித்த சாம்பல் நிறக் கூரை.