கடைக்காலுக்குப் பணம் எங்கே?

கூட்டுறவுக் கடன் சங்கமொன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கண்டமங்கலம் ஒன்றியத்தில் உள்ள எங்கள் ஊரில், கடன், மானியம் தொடர்பான தாள் எது வந்தாலும் அதைப் படித்துச் சொல்லும்படி இன்றும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். 2025 கோடையில் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் கொண்டுவந்தது, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு வீடு ஒதுக்கப்பட்டதற்கான ஆணை. 2024 நவம்பர் 30 அன்று ஃபென்ஜால் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழையைக் கொட்டியதே, அந்த மழையில் அவருடைய குடிசையின் மண்சுவர் ஒரு பக்கம் கரைந்து சரிந்திருந்தது. ஆணையை வாசித்துக் காட்டி வாழ்த்தினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கடைக்காலுக்கு மட்டும் எவ்வளவுண்ணே ஆகும்?"

அந்தக் கேள்வியின் பொருளை விளக்கத் திட்டத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்டித் தருவதை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் குறைந்தது 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தபோது தரப்பட்ட தொகை 75 ஆயிரம். அடுத்து வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் தொடக்கத்தில் 1.80 லட்சம். அவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை என்பதில் ஐயமில்லை. சொந்த மனையோ பட்டாவோ இல்லாதவர் இதற்குள் நுழையவே முடியாது என்பது தனியாக எழுத வேண்டிய பெருங்கதை.

ஆனால் இந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. அடித்தளம், லிண்டல் மட்டம், தளம், நிறைவு எனப் பணி முடிய முடியத் தவணையாக வருகிறது. சிமெண்டும் கம்பியும் துறை வழியாகவே வழங்கப்பட்டு, அவற்றின் விலை உதவித்தொகையில் கழிக்கப்படுகிறது. அதாவது, முதல் தவணையைப் பெறுவதற்கு முன்பே கடைக்கால் தோண்டி, கருங்கல் இறக்கி, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்துத் தரைமட்டம்வரை எழுப்பியிருக்க வேண்டும். நகரத்தில் வீடு வாங்குவோர் முன்பணம் என்று சொல்வதற்குக் கிராமத்தில் பெயர் கடைக்கால் செலவு.

என்னிடம் வந்த பெண்மணிக்கு அந்தச் செலவு ஏறத்தாழ எழுபதாயிரம் ஆனது. கம்மலை அடகு வைத்து இருபதாயிரம் திரட்டினார். மீதி ஐம்பதாயிரத்தை நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் வெளியில் வாங்கினார். மாதம் 1,500 ரூபாய் வட்டி. கணக்கெழுதியே பழகிய எனக்கு, இலவச வீட்டின் முதல் செங்கல் ஆண்டுக்கு 36 விழுக்காட்டு வட்டியில் வைக்கப்படுவது உறுத்துகிறது.

நடுத்தர வகுப்பின் நிலையும் வேறில்லை. விழுப்புரத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மனையோடு கூடிய வீடு ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி தரக்கூடியது அதிக அளவாக 90 விழுக்காடுதான். ஆகவே கையிலிருந்து இரண்டு லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என இன்னும் 1.80 லட்சம். ஆகமொத்தம் சாவி வாங்குமுன் 3.80 லட்சம் வேண்டும். பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளோருக்கு அதிகபட்சம் 1.80 லட்சம் வட்டி மானியம் உண்டு. அது ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். முன்பணத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட உதவாது. சிங்கப்பூரில் முதல் வீடு வாங்குவோருக்கான மானியம் அவர்களுடைய சேமநிதிக் கணக்கில் சேர்ந்து, வாங்கும்போதே வீட்டு விலைக்குப் பயன்படுகிறது.

முன்கூட்டியே பணம் கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடும், வீடு பாதியில் நிற்கும் என்பார்கள். அந்த அச்சம் வெற்று அச்சமன்று. பழைய தொகுப்பு வீடுகள் சில கூரையேறாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இருப்பினும் மத்திய அரசின் ஊரக வீட்டு வசதித் திட்ட நெறிமுறைகள், ஆணை வழங்கிய ஏழு வேலை நாள்களுக்குள் முதல் தவணையைப் பயனாளியின் கணக்கில் செலுத்தச் சொல்கின்றன. மாநிலத் திட்டத்திலும் அதைச் செய்யலாம். பணமாகத் தரத் தயக்கமென்றால், சிமெண்டையும் கம்பியையும் பொருளாகவே தரும் அதே துறை கடைக்காலுக்கான கருங்கல்லையும் மணலையும் முதலில் இறக்கித் தரட்டும். அல்லது ஆணையையே ஈடாகக் கொண்டு, முதல் தவணை வரும்வரை கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டியில் குறுங்கடன் வழங்க அனுமதிக்கலாம். நான் பணியிலிருந்தபோது அப்படியொரு வழி இருந்திருந்தால், எத்தனையோ பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

அந்தப் பெண்மணியின் வீடு இப்போது லிண்டல் மட்டத்தைத் தாண்டியிருக்கிறது. முதல் தவணையில் வெளிக்கடனை அடைத்துவிட்டார். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.