ஓட்டியது பையன், வழக்கு அப்பா மேல்

பிளஸ் டூ படிக்கும் பையன் காலை ஆறு மணி டியூஷனுக்கு அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். பிடிபட்டாலும் போலீஸ்காரர் நாலு திட்டு திட்டி அனுப்பிவிடுவார் என்பதுதான் பல வீடுகளின் கணக்கு. அந்தக் கணக்கு 2019 செப்டம்பரிலேயே காலாவதியாகிவிட்டது.

அப்போது நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 199ஏ பிரிவு, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலரையும், வண்டியின் உரிமையாளரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அதோடு 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயதாகும் வரை எல்எல்ஆர் கூடக் கிடைக்காது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் அவன் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும்.

“எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்” என்று சொல்லலாம். ஆனால் பெற்றோரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றோ, தடுக்க முடிந்ததையெல்லாம் செய்தேன் என்றோ நிரூபிப்பது பெற்றோரின் பொறுப்பு. சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்துவிட்டு இதை நிரூபிப்பது கஷ்டம். பக்கத்து வீட்டுப் பையன் கேட்டானே என்று வண்டி கொடுக்கும் தாராளக்காரர்களுக்கும் இதே கதிதான்.

சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. 16 வயது முடிந்தவர் 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டியை உரிமம் பெற்று ஓட்டலாம். எல்எல்ஆரோடு அந்த வகை வண்டியை ஓட்டினால் பெற்றோர் மீது 199ஏ பாயாது. டிவிஎஸ் 50 ஓடிய காலத்தில் இது அர்த்தமுள்ள சலுகை. இன்று எக்ஸ்எல் 100 வண்டியே 99.7 சிசி! கடையில் இல்லாத வண்டிக்கு உரிமம் வாங்கி என்ன செய்வது? மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் குறைவான, எடை குறைந்த மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் தேவையில்லை என்பது ஒன்றுதான் மிச்சம். வேகத்தைக் கூட்டி மாற்றியமைத்தால் அந்த விலக்கும் போய்விடும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிள் பல வீடுகளில் தூசி படிந்து நிற்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி காப்பீட்டில் விழும். பையன் யாரையாவது இடித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் முதலில் அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு வழிசெய்கிறது. உரிமம் இல்லாதவர் கையில் வண்டியைக் கவனமின்றிக் கொடுத்தது உரிமையாளரின் தவறு என்பதை நிறுவனம் நிரூபித்தால் போதும். அடிபட்டவர் குடும்பத்தைக் காப்பாற்றிய ஆளாக இருந்தால் இழப்பீடு சில லட்சங்களைத் தாண்டும். ஆர்சி புக்கில் யார் பெயர் இருக்கிறதோ, அந்தத் தொகைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.