ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

பட்டாசுப் பெட்டி இடத்தை அடைக்கும். காலண்டரும் நோட்டுப் புத்தகமும் எடையைக் கூட்டும். சிவகாசியின் லோடு வண்டிகள் இரண்டையும் மாறி மாறிச் சுமக்கின்றன. ஆடி பிறந்தால் பட்டாசு ஓட்டம் வேகமெடுக்கும்; தீபாவளி முடிந்த கையோடு காலண்டர் ஓட்டம் தொடங்கிவிடும். 2005-இல் டாடா ஏஸ் வந்ததும் மக்கள் அதைக் குட்டியானை என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அதன் முதல் டீசல் என்ஜின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். இன்று தோஸ்தும் பொலேரோ பிக்கப்பும் அதோடு சேர்ந்து ஓடுகின்றன.

வண்டி எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். எரியும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே சூடாக வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து போய்க் காற்றில் விட வேண்டும். ராஜபாளையம், செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறிக் கொல்லத்துக்குப் போகும் வண்டிக்கு இது பெரிய சோதனை. மலை ஏற்றத்தில் என்ஜின் முழு மூச்சோடு உழைக்கும். வண்டியோ கீழ் கியரில் ஊர்வதால் முகப்பில் மோதும் காற்று குறைந்துபோகும். அப்போது ஃபேனை விட்டால் வேறு துணை இல்லை.

வாட்டர் பம்ப் தண்ணீரை பிளாக்குக்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் தள்ளுகிறது. சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட் வால்வைத் தாண்டி ரேடியேட்டருக்கு வருகிறது. மெல்லிய குழாய்களையும் அவற்றை ஒட்டிய தகடுகளையும் கொண்டு காற்றுபடும் பரப்பைப் பெருக்குவதுதான் ரேடியேட்டரின் வேலை. வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் முதல் மெர்சிடிஸ் காருக்குச் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

எல்லோரும் அலட்சியம் செய்யும் பாகம் அதன் மூடி. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் ஃபாசனர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது. அவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டிய பொருள் அது. மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு கூடினால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த 20 டிகிரியும் போயிற்று. வண்டி ஆறிய பிறகு ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால், ஸ்பேர் பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும் சிறு வால்வு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி, தண்ணீர். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் என்ஜினுக்குள்ளும் படிகிறது. சூடு அதிகமான இடத்தில் முதலில் படிவது அதன் குணம்; ஆகவே குளிர்ச்சி மிக அவசரமாகத் தேவைப்படும் ஹெட்டைச் சுற்றித்தான் அது ஒட்டும். சுண்ணாம்புப் படிவம் இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாகச் சூட்டைக் கடத்துவதால், மெல்லிய படலமே போதும், ஹெட் கேஸ்கட்டைக் கெடுக்க. உப்பு இன்னொரு பக்கம் அலுமினியத்தை அரிக்கிறது.

“நம்ம ஊரில் தண்ணீர் உறையவா போகிறது, கூலண்ட் எதற்கு?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். உறைதல் நமக்குப் பிரச்சினையே அல்ல. துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது. கொதிநிலையையும் அது சற்று உயர்த்துகிறது. கலந்து விற்பதை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதை, டப்பாவில் சொன்ன அளவில், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்கக் கூடாது. வண்டியின் கையேடு சொல்லும் ரகமே சரி. இரண்டு ரகத்தைக் கலந்தால் சில சமயம் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும்.

வெளிப்பக்கம் புழுதியின் ராஜ்யம். கரிசல் மண்ணும் காகிதத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். என்ஜின் பக்கமிருந்து வெளியே போகும்படி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்ப்பை நெருக்கிப் பிடித்தால் தகடு மடங்கி, காற்றுக்கு வழியே இருக்காது.

வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். இதை நான் ஏற்கவே மாட்டேன். அது இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும். கெட்டிருந்தால் புதிதாகப் போடுவதே முறை.

பட்டாசு ஏற்றிய வண்டி நடுவழியில் நின்றால் கஷ்டம் இரட்டிப்பு. அதை அநாதையாக விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போக முடியாது. டீக்கடை அடுப்போரம் ஒதுக்கவும் முடியாது. ஆகவே சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கும்போதே ஆளில்லாத திறந்த இடமாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். ஏறிய முள் சட்டென்று இறங்கினால் நிம்மதி கொள்ளாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுதும் ஒழுகிப்போன பிறகு முள் இறங்குவதும் உண்டு. அந்த நேரத்தில் ஓட்டினால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறும் வரை மூடியைத் தொடக் கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து, தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

கூலண்ட் மாற்றிய பின் உள்ளே காற்று தங்காமல் பார்க்க வேண்டும். ஆறிய வண்டியின் முகப்பை மேடான பக்கம் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவிட்டு என்ஜினை ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், நிரப்பி மூடிவிடலாம். வடித்தெடுத்த பழைய கூலண்டைப் பட்டறை வாசலில் கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். நாயும் ஆடும் நக்கிக் குடித்துச் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயில் எடுப்பவர் ஏற்பாரா என்று கேட்டு ஒப்படையுங்கள்.